வாத்து நடந்து வந்த வழி

முதலில் என்னுடைய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லிச் சிரித்துவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும். ஒரு நாவலை நான் வருஷக்கணக்கில் பாடம் நடத்தினேன். அந்த நாவலை நான் படித்ததே இல்லை.

பொய் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தேன். எட்டாம் வகுப்புக்கு நான்-டீடெயில் என்று ஒரு ஒல்லிப் புத்தகம் உண்டு. உலகமே கொண்டாடும் தடிமனான நாவலைப் பிழிந்து, காயவைத்து, அப்பளமாக்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் நாலு கேள்வி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த அப்பளத்தை நொறுக்கித் தின்றுவிட்டு, முழு விருந்தும் சாப்பிட்டவன் போல ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். "இந்த நாவலின் ஆழம் என்னவென்றால்..." என்று ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் விடமாட்டேன். பையன்கள் எனக்கு 'வாத்து' என்று பேர் வைத்திருந்தார்கள். கதையின் நாயகி ஒரு வாத்து, அதனால்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நான் நடப்பதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அசல் காரணம் தெரியும்.

கதை இதுதான். குளிர் தேசத்து வாத்துக் கூட்டம் ஒன்று, பனிக்காலம் வருமுன் தெற்கே ஓர் ஏரிக்குப் பறந்து போகும். அதில் ஒரு வாத்துக்கு இறக்கை ஒடிந்துவிடுகிறது. மற்றவை பறந்துவிட, இது நடந்தே கிளம்புகிறது. காடு, நரி, ரயில் பாலம், தவிடு வைத்துக் காப்பாற்றும் ஒரு கிழவி, கத்தியோடு துரத்தும் ஒரு சமையற்காரன். கடைசிப் பாடத்தில் ஒரு மலைமேல் ஏறி, கீழே ஏரியையும் அதில் மிதக்கும் தன் கூட்டத்தையும் பார்க்கிறது. இறங்கிப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. முற்றும். கேள்விகள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இந்தக் கதையை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன். என் மகளுக்கு. ஆஸ்பத்திரியில்.

அவளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு வர இன்னும் காலம் இருந்தது. இரத்தத்தில் வந்த நோய். பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இன்றுவரை அதை வாயால் சொல்ல வரவில்லை. அவள் அம்மா தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தாள். நீண்ட லீவு போட்டுவிட்டுப் பகல் முழுக்க அவளோடு இருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். தலைமாட்டு மேசையில் ஒரு பிளாஸ்க், உரிக்காத சாத்துக்குடி, பைபிள், காக்கி அட்டை போட்ட ஏதோ ஒரு லைப்ரரி புத்தகம். எனக்கு அதெல்லாம் கண்ணில் படாது. கையைக் கழுவிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தாகிவிடுவேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாத்து நான். இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு, ஒரு தோளை மட்டும் தொங்கப்போட்டு, கட்டிலைச் சுற்றி வருவேன். என் வாத்து திருநெல்வேலித் தமிழ்தான் பேசும். நரியைப் பார்த்தால், "அண்ணாச்சி, என் மேல சதையே இல்ல பாத்துக்கிடுங்க, எலும்பு தொண்டைல சிக்கிரும்" என்று கும்பிடும். ரயில் பாலத்தில் போகும்போது, "பைய நடக்கேன், ஆனா போயிருவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அந்த இடம் வந்தால் மகளும் சேர்ந்து சொல்வாள். தொப்பி போட்ட தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். முடியெல்லாம் போயிருந்தது.

ஒருநாள் நர்சம்மா திரையை விலக்கி, "சார், பக்கத்து வார்டுல ஆப்பரேஷன் பண்ணுன ஆளு சிரிச்சுத் தையல் பிரியப் போகுது, கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதைவிட ஒரு விருது இன்றுவரை வந்ததில்லை.

கதையில் வரும் தெற்கத்தி ஏரிக்கு நான் ஊர்ப் பேர் மாற்றினேன். கூந்தன்குளம் என்று வைத்தேன். நம் பக்கத்திலேயே, குளிர் தேசத்திலிருந்து நிசமாகவே வாத்துகள் பறந்து வந்து இறங்குகிற குளம் இருக்கும்போது வேறு ஏரிக்கு எங்கே போவது? அந்த ஊர்க்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டார்கள் என்று சொன்னேன். மகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நெசமாவாப்பா? ஒரு வெடிகூடவா? கம்பி மத்தாப்பு?" என்று கேட்டாள். மத்தாப்பு மட்டும் உண்டு என்று நானாக அனுமதி கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகவும் சொன்னேன்.

கடைசிப் பாடத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அப்பா, அது மலையில இருந்து எறங்குனதச் சொல்லுங்க."

"நேத்துத்தானட்டி எறங்குச்சு. இன்னைக்குமா?"

"இன்னைக்கும் எறங்கட்டும்."

நானும் இறங்குவேன். கட்டில் கால்மாட்டிலிருந்து சறுக்கி, வழுக்கி, பொத்தென்று குளத்தில் விழுந்து, தரையில் உட்கார்ந்தபடி நீச்சல் அடிப்பேன். அவள் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். அம்மா அவளைப் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரு மாதிரி பார்த்துக்கொள்வார்கள். என் நடிப்புக்குக் கிடைத்த கைத்தட்டல் என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை விழுந்து காட்டுவேன். முழங்காலில் இன்றைக்கும் அந்த வலி உண்டு. டாக்டர் காரணம் கேட்டால் 'வாத்து' என்று சொல்லமுடியுமா?

கூந்தன்குளத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்த வருஷம் பறவைகள் வந்து இறங்கும்போது அவள் இல்லை.

பிறகும் நான் அந்தப் பாடத்தை நடத்தினேன். வேறு பாடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வகுப்பில் வாத்து ஏரியில் இறங்கும்போதெல்லாம் ஒரு திருட்டு ஆறுதல். மருந்து, ஊசி, இரத்தம், ஜெபம் எல்லாம் அவளுக்குக் கொடுத்தோம், எதுவும் நிற்கவில்லை. இந்த ஒரு முடிவு மட்டும் நான் கையால் செய்து கொடுத்த மாதிரி இருந்தது. நடந்தே வந்த வாத்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டுதான் அவள் கண்ணை மூடினாள். அது போதும் என்று இருந்தேன். இதை மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். முழுப் புத்தகத்தைப் படிக்காமலே முடிவு சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு என்று மேலேயே சொன்னேனே.

போன பள்ளி விடுமுறையில் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சுவரில் பெரிய போஸ்டர். ஒற்றை இறக்கை தொங்க ஒரு வாத்து நடந்து போகிறது. பின்னால் மலை. கார்ட்டூன் படம். தமிழில் பேசுகிறது, 3டி வேறு. மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று, "அங்க பாருட்டி, வெள்ளரிக்கா பிஞ்சா வச்சிருக்கான்" என்று அவள் முகத்தை மறுபக்கம் திருப்பப் பார்த்தேன்.

அவள் வெள்ளரிக்காயைப் பார்க்கவில்லை. போஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போவோமா?" என்றாள்.

மகள் போன பிறகு அவள் தியேட்டர் படி ஏறியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டதும் எழுந்துவிடுவாள். அவளாக வாயைத் திறந்து ஓர் இடத்துக்குப் போவோமா என்று கேட்டது எனக்குக் காதுக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. ஏரியில் வாத்து இறங்குவதைப் பெரிய திரையில் பார்க்கப் போகிறாள். பார்த்துக் கொஞ்சம் அழுவாள். அழுதால் நல்லது. நான் மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தியேட்டரில் எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். பிள்ளை இல்லாமல் வந்த ஆட்கள் நாங்கள் மட்டும்தான். வாசலில் 3டிக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்த ஆள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக எங்க அண்ணாச்சி?"

வாய் சும்மா இருக்குமா? "பைய நடந்து வருது" என்றேன்.

அந்த மனுஷர் நல்லவர். மூன்றாவதாக ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டிவிட்டார். மனைவி கை நீட்டி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாங்கியது சரியா தப்பா என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். எனக்கு ஒரே குறை, வாத்து மெட்ராஸ் தமிழ் பேசியது. நரியிடம் மாட்டியபோது "விட்ருங்க ப்ளீஸ்" என்றது. நரியை அண்ணாச்சி என்று கூப்பிடத் தெரியாத வாத்து எப்படிப் பிழைக்கும் என்று மனைவி காதில் சொன்னேன். "ச்சு, படத்தப் பாருங்க" என்றாள். ரயில் பாலம் வந்தது. திரையில் வாத்து என்னவோ பாட்டுப் பாடியது. என் பக்கத்தில் மனைவியின் உதடு மட்டும் அசைந்தது. பைய நடக்கேன், ஆனா போயிருவேன். சத்தம் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அதுதான்.

இடைவேளையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு பப்ஸ் வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பி, "வாத்து சார்!" என்று கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். பழைய மாணவன். இப்போது களக்காட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை.

"என்னலே, ஒன் பிள்ளைகளுக்கு நான்-டீடெயில் காட்ட வந்தியா?"

"ஆமா சார். ஆனா கடைசியில இதுக அழப்போகுதுன்னு பயமா இருக்கு. முடிவு அப்படில்லா."

"என்ன முடிவு? ஏரியில போய் எறங்குது. நான்தானலே ஒனக்கு நோட்ஸ் குடுத்தேன்?"

"அது நம்ம புக்குல சார். நான் போன்ல தேடிப் பாத்தேன். ஒரிஜினல் கதையில மலைமேலேயே செத்துருமாம். ஏரியப் பாத்துக்கிட்டே. படத்துலயும் அப்படியே வச்சிட்டானாம். பாடப் புத்தகத்துல பிள்ளைக பயந்துரும்னு மாத்திப் போட்டிருக்கான் போல." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சார்... ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாம என்னலே? நீ தாங்க மாட்டேன்னு சொல்லாம விட்டேன்" என்றேன். அவன் நம்பிவிட்டான். நல்ல மாணவன், அப்போதும் எதைச் சொன்னாலும் நம்புவான்.

பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். நான் மகளுக்குக் கொடுத்தனுப்பிய ஒன்றே ஒன்றும் போலி. யாரோ ஒரு பாடப் புத்தகக்காரன் ஒட்டவைத்த வாலை நான் உயிர் என்று நினைத்துக் கட்டிலைச் சுற்றி ஆடியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இது என் மனைவிக்கும் தெரிந்துவிடும். இத்தனை பெரிய திரையில், 3டியில், வாத்து அவள் மடியிலேயே விழுந்து சாகப் போகிறது. நான்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவன்.

அவளை வெளியே கிளப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

"ஏட்டி, எனக்கு வயிறு சரியில்ல. வீட்டுக்குப் போவமா?"

"பப்ஸ நீங்க இன்னும் திங்கவே இல்லியே, அதுக்குள்ள எப்படிச் சரியில்லாமப் போகும்?"

"பாத்ததுக்கே ஒரு மாதிரி வருது. வா. மீதியை நான் வீட்ல சொல்லுதேன். எனக்குத் தெரியாத கதையா?"

"இன்னும் பனியே விழலியே. அதுக்குள்ள எங்க போறது?" என்றாள்.

நான்-டீடெயிலில் பனி விழுகிற இடமே கிடையாது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. போஸ்டரில் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். விளக்கு அணைந்தது. கரண்டு போகட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஊருக்கே கரண்டு போனாலும் இந்தத் தியேட்டர்காரனுக்கு ஜெனரேட்டர் இருக்கும் என்பது நினைவு வந்ததும் ஜெனரேட்டருக்கும் சேர்த்து ஜெபித்தேன். நெஞ்சு வலி என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவாளே என்று அதை விட்டேன். இருமினேன். பப்ஸை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, குனிந்து தேடுகிற சாக்கில் அவள் காலை இடித்தேன்.

"ஒங்களுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்றாள். கண் திரையில்தான் இருந்தது.

பனி விழுந்தது. மலைமேல் வாத்து ஏறியது. அவ்வளவு நேரம் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்த வாத்து பேச்சை நிறுத்திவிட்டது. கீழே ஏரி. ஏரியில் புள்ளி புள்ளியாக அதன் கூட்டம். பார்த்தது. காலை மடக்கி உட்கார்ந்தது. முகத்தில் பனி படியப் படியப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கழுத்தைப் பைய இறக்கி நல்ல இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். பிள்ளைகள் ஒன்றிரண்டு, "எந்திக்குமாம்மா? எந்திக்குமா?" என்று கேட்டார்கள்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணாடிக்குள்ளும் தண்ணீர் நிறைந்து, எனக்கு ஏரி எது மலை எது என்று தெரியவில்லை.

வெளியே வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடி வாங்கும் ஆளிடம் எங்கள் இரண்டு கண்ணாடிகளையும் கொடுத்த மனைவி, பைக்குள்ளிருந்து அந்தச் சின்னக் கண்ணாடியையும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினோம். ஒரு பக்கம் ஹாரன், ஒரு பக்கம் வடைச் சட்டி. அவள் அழுத மாதிரியே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கையில் டீ வந்த பிறகு சொன்னேன்.

"ஏட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"என்னது?"

"அது செத்துரும்னு. நான் முழு புக்கப் படிச்சதே இல்ல. வாத்தியார்னு பேருதான். அவகிட்ட நான் சொன்னது பூராப் பொய்யி. பொய்யச் சொல்லி அனுப்பி வச்சுட்டேன்."

அவள் டீயை ஊதினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "லைப்ரரியில தமிழ்ல முழுசா இருந்துச்சு. எடுத்துட்டு வந்து தலைமாட்டுலதான வச்சிருந்தேன். நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் வாசிச்சுக் காட்டச் சொல்லுவா. பகல் எப்படிப் போகும் பின்ன?"

காக்கி அட்டை. பிளாஸ்குக்கும் பைபிளுக்கும் நடுவில்.

"எதுவரைக்கும் வாசிச்ச?"

"பூரா."

"அந்த மலை? பனி?"

"பூராதான்."

மகளுக்குத் தெரிந்திருக்கிறது. பகலில் மலைமேல் வாத்து கழுத்தை இறக்கியதைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, அது மலையில இருந்து எறங்குனதச் சொல்லுங்கப்பா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் சறுக்கிச் சறுக்கி விழுந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. வழக்கம்போலச் சிரிப்பாகச் சொல்லிவிடப் பார்த்தேன்.

"முழங்கால் தேயத் தேய எறங்குனேனட்டி தினமும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்திருக்கீய. அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பாட்ட சொல்லிராதம்மான்னு அவதான் சொன்னா."